இயக்குநரின் முகத்துக்குப் பின்னால்

"என் மக ஒண்ணுக்குப் போனப்போ," என்றான் லிம்பிக்கானி, "இந்த நாட்டோட பெரிய அதிகாரிங்க அத்தனை பேரும் விறைப்பா நின்னு சல்யூட் அடிச்சாங்க. பேண்டு வாசிச்சாங்க. யானை ஒண்ணு ஒதுங்கி நின்னு மரியாதை பண்ணுச்சு."

மலாவியின் தலைநகர் லிலோங்வேயில் பழைய சந்தைக்குப் பின்னால் ஆட்டிறைச்சியை வெட்டி எண்ணெயில் போட்டு எடுத்துத் தரும் கடை அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கடையில் இருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். சிரிக்காதவன் ஒருவன்தான். அவன் பெயர் மசாவுக்கோ. லிம்பிக்கானியின் மனைவி மலுவாவுக்குத் தம்பி. அதைவிட முக்கியம், காட்டுயிர் மாண்பு வாரியத்தின் தலைமையகத்தில் இளநிலை எழுத்தர். வாரியத்தைப் பற்றி யாராவது சிரித்தால் தன் சட்டையில் எண்ணெய் பட்ட மாதிரி துடித்துப்போவான்.

"மச்சான், நீ மினிபஸ் ஓட்டுற ஆளு. 'இன்னும் ஒரு சீட்டுதான் காலி'ன்னு தினம் பொய் சொல்லித்தான் வண்டியை நிரப்புற. அதோட நிறுத்திக்கோ. வாரியத்தை இழுக்காத."

"பொய்யா? உங்கக்காவைக் கேளுடா."

"அக்கா உன்னைக் கட்டிக்கிட்டதுலயே அவ புத்தி ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு. அவ சாட்சி செல்லாது."

"அப்ப என் மக உலேமுவைக் கேளு. அவ பொய் சொல்லுவாளா?"

உலேமுவுக்கு இன்னும் நான்கு வயது நிறையவில்லை. ஆனால் அவள் வாய் ஒரு நீதிமன்றம். அப்பா எங்கே ஒளித்துவைத்துக் குடிக்கிறார், அம்மா பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி என்ன சொன்னாள், மாமா மசாவுக்கோ சர்ச்சில் உண்டியல் பை வரும்போது எப்படி வெறுங்கையை உள்ளே விட்டு எடுத்தார், எல்லாவற்றையும் கேட்காதவர்களுக்கும் சொல்லிவிடுவாள்.

"குழந்தைங்க கனவு கண்டதையும் நடந்துச்சுன்னு சொல்லும்," என்று முடித்துவிட்டு மசாவுக்கோ கடைசி எலும்பை எடுத்துக்கொண்டான்.

ஆனால் நடந்தது இதுதான்.

அந்த வாரம் அந்தக் குடும்பத்தின் தலைக்கு மேல் ஒரே கேள்விதான் தொங்கிக்கொண்டிருந்தது: உலேமு நனைப்பாளா, மாட்டாளா? திங்கட்கிழமை அவள் நர்சரிப் பள்ளியில் சேர வேண்டும். அவள் சேர்ந்தால்தான் மலுவா ரொட்டிக் கடை வேலைக்குத் திரும்ப முடியும். கடை முதலாளி இத்தனை நாள் இடத்தைப் பிடித்து வைத்திருந்ததே பெரிய விஷயம். பள்ளியின் தலைமை ஆசிரியை மிஸஸ் சிபேத்தாவோ ஒரு வாரம் முழுக்க நனையாத குழந்தையைத்தான் சேர்ப்பார். அதையும் பெற்றோரிடம் கேட்க மாட்டார். பெற்றோர் எல்லோரும் பொய்யர்கள் என்பது அவர் பணிக்கால முடிவு. குழந்தையை முன்னால் நிறுத்தி, "நனைச்சியா?" என்று நேராகக் கேட்பார். மற்ற பெற்றோர் குழந்தைக்கு மிட்டாய் கொடுத்துப் பொய் சொல்லப் பழக்கினார்கள். உலேமுவிடம் அது நடக்காது. மிட்டாய் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள்.

வாரம் நன்றாகத்தான் போனது. சனிக்கிழமை வரை ஒரு சொட்டு இல்லை. அந்தச் சனிக்கிழமைதான் லுவோங்கா காப்பகத்தில் வாரியத்தின் வெள்ளி விழா. பொதுமக்களுக்கு இலவச அனுமதி என்று மசாவுக்கோவே சொல்லி அனுப்பினான். அவனுக்கு அன்று தலைமையகத்தில் வேலை. எல்லோரும் விழாவுக்குப் போய்விட்டால், விழாவுக்குப் போயிருக்கிறார்கள் என்று தொலைபேசியில் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே.

லிம்பிக்கானி மினிபஸ்ஸைக் கழுவி, மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். மலுவா சோளக்கஞ்சியைப் புளிக்கவைத்த தொப்வாவை இரண்டு பாட்டில் எடுத்துக்கொண்டாள். வெயில் காலத்தில் குழந்தைக்குக் குளிர்ச்சி என்பது அவள் எண்ணம். அந்தக் குளிர்ச்சி எங்கே போய்ச் சேரும் என்பதை அவள் யோசிக்கவில்லை.

காப்பக வாசலில் புத்தம்புதிய கழிப்பறை ஒன்று பளபளத்தது. வெள்ளைப் பளிங்கு. கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு காவலர்.

"உலேமு, உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணுக்குப் போயிட்டு வந்துரு," என்றாள் மலுவா.

"வரல."

"போகவும் முடியாது மேடம்," என்றார் காவலர். "சாயங்காலம் இயக்குநர் ஐயா வந்து ரிப்பன் வெட்டணும்."

"அதுவரைக்கும் வர்றவங்க?"

"அதுவரைக்கும் யாருக்கும் வரக் கூடாது."

வாசல் அதிகாரி இடுப்பில் சுற்றிக் கட்ட ஆளுக்கொரு சிதெஞ்சே கொடுத்தார். குழந்தைக்கும் ஒன்று. வெள்ளி விழாவுக்கென்றே அச்சடித்த பச்சைத் துணி. அதில் முறத்தளவு வட்டங்களில் வாரிய இயக்குநர் டாக்டர் ஹேஸ்டிங்ஸ் சிசாம்பியின் முகம் சிரித்தது. பிறகு விதிகளை ஓதினார். காப்பகத்துக்குள் யாரும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. விலங்குகளைப் பார்த்துக் கேலியாகச் சிரிக்கக் கூடாது. இயக்குநரின் முகத்தின் மேல் உட்காரக் கூடாது. ஆகவே முகம் முன்பக்கம் வரும்படி துணியைக் கட்ட வேண்டும். வாரிய ஊழியர்கள் அந்த முகத்துக்கு முதுகு காட்டவே கூடாது.

"முன்னால கட்டினா புள்ள மடியில உக்காருமே," என்றாள் மலுவா. "அப்ப புள்ள முகத்து மேல உக்காந்த மாதிரி ஆகாதா?"

அதிகாரி கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "குழந்தை கனமா?"

"லேசுதான்."

"அப்ப பரவாயில்ல."

வழியில் ஒரு வரிக்குதிரை நின்றது. இரண்டு நீர்யானைகள் மூச்சு விட்டன. உலேமு ஒவ்வொன்றையும் பார்த்து வியந்து, வியந்ததற்கு ஒரு மடக்கு என்று தொப்வாவைக் குடித்துக்கொண்டே வந்தாள். இரண்டாவது பாட்டில் முடிந்த இடத்தில், வாசலுக்கும் விழா நடக்கும் ஏரிக்கும் நட்டநடுவில், வறண்ட புதர்க்காட்டின் மத்தியில் சொன்னாள்:

"அப்பா, ஒண்ணுக்கு."

லிம்பிக்கானி மினிபஸ் ஓட்டுநர். புதரைப் பார்த்தால் அவன் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். பாதி நாட்டை அவன் சாலையோரம் இறக்கி ஏற்றியிருக்கிறான். அன்றும் கால் பிரேக்குக்குப் போனது; கை கதவுக்குப் போனது. அதற்குள் புதருக்குப் பின்னாலிருந்து சைக்கிளில் ஒரு வனக்காவலர் முளைத்தார். பெயர் ஜஃபேத். நல்ல மனிதர்.

"இறங்காதீங்கண்ணே. அபராதம் போட்டுருவாங்க."

"நீங்க இறங்கி நிக்கிறீங்களே?"

"சைக்கிள் வண்டி கிடையாதுண்ணே. அது காலோட நீட்சின்னு வாரியம் முடிவு பண்ணியிருக்கு. அதனாலதான் எங்களுக்கு ஜீப் குடுக்கலை."

மலுவா மினிபஸ்ஸின் பின்சீட்டில் இருந்த பிளாஸ்டிக் பேசினை எடுத்தாள். "கண்ணு, இதுல போயிரு."

உலேமு அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்தாள். "பேபிதான் பேசின்ல போகும். நான் பெரிய பொண்ணு. நீதான சொன்ன?"

அதைத்தான் மலுவா மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லி மனசில் ஏற்றியிருந்தாள். இப்போது இறக்க முடியவில்லை. உலேமு தரையில் குந்துவாள், அப்பா பக்கத்தில் குந்தி "உஸ்ஸ்" என்று மெல்ல ஊதுவார், அப்போதுதான் வரும். அவள் கற்ற ஒழுங்கு அது.

ஜஃபேத் வயர்லெஸ்ஸை எடுத்தார். "ஒரு குடிமகள். வயசு நாலுக்குள்ள. ஒண்ணுக்கு. மறுபடி சொல்றேன், ஒண்ணுக்கு."

"ஒண்ணா ரெண்டா, தெளிவாச் சொல்லுங்க," என்றது வயர்லெஸ். "ரெண்டுன்னா அது மண்வளப் பிரிவு. எங்களுக்கு வராது."

சற்று நேரத்தில் ஒரு ஜீப் வந்து மினிபஸ்ஸின் ஜன்னலோடு ஜன்னலாக நின்றது. உள்ளே கஞ்சி போட்ட சீருடையில் ஓர் அம்மையார். "நான் மிஸஸ் நியோண்டோ. இறங்குதல் பிரிவோட துணைத் தலைவர்."

லிம்பிக்கானிக்கு உயிர் வந்தது. "நல்லவேளை மேடம். எம்புள்ளைய இறங்க விடுங்க."

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. யாரும் இறங்காமப் பாத்துக்கிறதுதான் இறங்குதல் பிரிவோட வேலை. நான் வந்ததுல இருந்து இந்தக் காப்பகத்துல ஒருத்தர் இறங்கினதில்ல. அதுக்காகவே எனக்கு ரெண்டு பதவி உயர்வு. இன்னொண்ணு வர்ற நேரம் பாத்து நீங்க வந்திருக்கீங்க."

"அது புள்ளைக்குத் தெரியாதே மேடம்."

"பாப்பா," என்று மிஸஸ் நியோண்டோ ஜன்னல் வழியாகக் குனிந்தார். "எவ்வளவு வரும்?"

உலேமு கால்களைப் பின்னிக்கொண்டு யோசித்துச் சொன்னாள். "ரெண்டு பாட்டில்."

"ரெண்டு பாட்டிலா? வறட்சிக் காலம். புதுசா ஒரு நீர்நிலை உருவாகுது. நீர்வளப் பிரிவைக் கலந்துக்காம நான் வாயத் திறக்க முடியாது. அப்புறம் அந்தப் புதர் எந்த விலங்கோட எல்லைன்னு பாக்கணும். யானை எல்லையா இருந்தா, யானை மனசு புண்படும்."

"அப்பா, வந்துரும்," என்றாள் உலேமு.

லிம்பிக்கானி பாட்டுப் பாடினான். குரங்கு மாதிரி முகம் காட்டினான். மலுவா குழந்தையின் முழங்கால்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "வீடு மாதிரி நெனச்சுக்கோ, ரொட்டி மாதிரி நெனச்சுக்கோ, தண்ணி மட்டும் நெனைக்காத," என்றாள். தண்ணீர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் உலேமுவின் கண்கள் அகன்றன. "பொறுத்துப் போறதுக்கும் ஒரு அளவு இருக்கு, உலேமு அப்பா," என்று மலுவா புருஷனிடம் பல்லைக் கடித்தாள். "திங்கக்கிழமை எனக்கு வேலை போச்சுன்னா இந்த மேடம் வந்து மாவு பிசைவாங்களா?"

அப்போதுதான் ஏரிக்கரையில் மரியாதை அணிவகுப்பை முடித்துவிட்டு இயக்குநரின் வண்டிகள் வரிசையாக வந்தன. முன்னால் மோட்டார் சைக்கிள்கள், நடுவில் கறுப்புக் கார், பின்னால் துணை இயக்குநர்களின் கார்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை, கடைசியில் லாரியில் பேண்டு வாத்தியக் குழு. ஒற்றைத் தடத்தில் மினிபஸ்ஸும் ஜீப்பும் ஜோடியாக நின்றதால் ஊர்வலம் நின்றுவிட்டது.

கறுப்புக் காரின் கண்ணாடி இறங்கியது. துணியில் இருந்த முகமேதான், ஆனால் வியர்வையோடு. நடந்ததை மிஸஸ் நியோண்டோ சொன்னார். டாக்டர் சிசாம்பி பதறவில்லை. காலையிலிருந்து அவர் பேசிய மூன்று உரைகளுக்கும் துணை இயக்குநர்கள்தான் கைதட்டினார்கள். பொதுமக்கள் என்று ஒருவர் கண்ணில் பட்டது இதுதான் முதல் தடவை. அவர் மைக்கைக் கொண்டுவரச் சொன்னார்.

"அன்பான குடும்பமே," என்று மைக்கில் தொடங்கினார். எதிரில் இருந்த குடும்பம் ஜன்னலோரம் ஒடுங்கியது. "இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தக் காப்பகத்தை நான் காத்து வருகிறேன். இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் என் கால் இந்த மண்ணில் பட்டதில்லை. காட்டுக்கு நான் செலுத்தும் மரியாதை அது. நான் பொறுப்பேற்றபோது இங்கே ஏராளமான யானைகளும் ஒரே ஒரு துணை இயக்குநரும் இருந்தார்கள். கவனிப்பாரற்ற நிலை. இன்று யானைக்கு மூன்று துணை இயக்குநர்கள் என்ற நிலையை எட்டியிருக்கிறோம்."

கைதட்டல்.

"கழிப்பறை எங்கே என்று எதிரிகள் கேட்டார்கள். கட்டினோம். பளிங்கில் கட்டினோம். இன்றுவரை ஒருவர்கூட அதை அசுத்தம் செய்ததில்லை. ஒருவரையும் உள்ளே விடாததே அதற்குக் காரணம். இன்று மாலை ரிப்பன் வெட்டுவேன். வெட்டிய கையோடு பூட்டுவேன். மக்கள் பணத்தில் கட்டியதை மக்களிடமிருந்து காப்பதுதான் நிர்வாகம்."

"அப்பா," என்றாள் உலேமு. அது அழுகைக்கு முந்தின குரல்.

"இருந்தாலும்," என்றார் இயக்குநர், "ஒரு குழந்தைக்காக இன்று விதியைத் தளர்த்துகிறேன். வாரிய வரலாற்றின் முதல் இறங்குதல். முழு மரியாதையோடு நடக்கட்டும்."

மிஸஸ் நியோண்டோ ஜீப்புக்குள் கண்ணை மூடிக்கொண்டார். துணை இயக்குநர்கள் கார்க் கதவுகளைத் திறந்து, ஒரு காலை நீட்டி, மண் சுடுகிறதா என்று பூட்ஸ் நுனியால் தொட்டுப் பார்த்து, பிறகு இறங்கினார்கள். காட்டை நிர்வகித்தவர்கள் காட்டில் இறங்கியது அன்றுதான். ஒருவர் தன் சட்டையில் உட்கார்ந்த வெட்டுக்கிளியைக் காட்டி, இது நம்முடையதா என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்.

லிம்பிக்கானி குழந்தையைத் தூக்கிக்கொண்டு புதருக்கு ஓடினான். பின்னாலேயே எல்லோரும் போய், விலங்குகள் வராதபடி சுற்றிலும் வளையமாக நின்றார்கள். அவன் குழந்தையின் பாவாடையைத் தூக்கிக் குந்த வைத்தான். "உஸ்ஸ்" என்றான்.

"வரல," என்றாள் உலேமு.

"என்ன கண்ணு, வரல?"

"பாக்குறாங்க."

நியாயம்தான். அத்தனை தொப்பிகளும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. மலுவா பட்டென்று மூன்று சிதெஞ்சேக்களையும் முடிச்சுப் போட்டாள். ஒரு முனையைத் தான் பிடித்து, மறு முனையை ஜஃபேத் கையில் கொடுத்து, குழந்தையைச் சுற்றித் திரை கட்டினாள். பயணத்தில் பிள்ளைக்காரிகள் எல்லோரும் செய்கிற காரியம்தான். ஆனால் அவர்களுடைய துணியில் மீனோ பூவோ இருக்கும். இந்தத் துணியில் எந்தத் திசையில் நின்று பார்த்தாலும் டாக்டர் சிசாம்பி சிரித்தார்.

"இன்னும் தெரியுது," என்றது உள்ளிருந்து ஒரு குரல். "ஓட்டையில தொப்பி தெரியுது."

"எல்லாரும் முதுகைக் காட்டி நில்லுங்க," என்று மிஸஸ் நியோண்டோ ஜீப்பிலிருந்தே கத்தினார். வளையம் திரும்பியது.

உடனே இயக்குநருக்கான மரியாதை முறைகளைக் கவனிக்கும் மரபு அதிகாரி, ஒல்லியான மனிதர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "நிறுத்துங்க. ஐயாவோட முகத்துக்கு முதுகா? அத்தனை முகத்துக்கும்?" வளையம் இந்தப் பக்கம் திரும்பியது.

"தொப்பி," என்றாள் உலேமு.

வளையம் அந்தப் பக்கம் திரும்பியது. மரபு அதிகாரி அலறினார். இந்தப் பக்கம் திரும்பியது. உலேமு அலறினாள். தொந்தியுள்ள துணை இயக்குநர்களுக்குத் தலை சுற்றியது. ஒருவர் வெட்டுக்கிளி மேல் விழுந்தார். கடைசியில் மரபு அதிகாரியும் மிஸஸ் நியோண்டோவும் ஜீப் ஜன்னலில் காதோடு காது பேசி, வாரிய வரலாற்றில் இரண்டு பிரிவுகள் ஒத்துப்போன ஒரே முடிவை எடுத்தார்கள்: எல்லோரும் பக்கவாட்டில் நிற்பது. ஒரு தோள் முகத்தை நோக்கி, மறு தோள் காட்டை நோக்கி, கண் பக்கத்து ஆளின் பிடரியை நோக்கி. அப்படியே நின்று சல்யூட்.

இயக்குநரின் படம் உயர்த்திப் பிடிக்கப்பட்டால் வாரியப் பாடல் இசைக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. படம் உயர்ந்துதான் இருந்தது. பேண்டு மாஸ்டர் கோலை அசைத்தார். பெரிய முரசு திடுமென்று அதிர்ந்தது.

உலேமுவுக்கு வரப்போனது பயத்தில் நின்றுவிட்டது.

"உஸ்ஸ்," என்றான் லிம்பிக்கானி. முரசுச் சத்தத்தில் அவன் ஊதியது அவனுக்கே கேட்கவில்லை. திரைக்கு மேலாகத் தலையை நீட்டி, "ஐயா, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க, அப்பா ஊதினாத்தான் வரும்," என்று கெஞ்சினான்.

"பாட்டை நடுவுல நிறுத்துறது அவமதிப்பு," என்றார் மரபு அதிகாரி. "மூணு சரணம் இருக்கு. ரெண்டாவது சரணம் வரிக்குதிரையைப் பத்தி. அழகா இருக்கும்."

உலேமுவின் உதடு பிதுங்கியது. மூன்று மாதப் பழக்கமும் ஒரு வாரக் காய்ந்த ஜட்டியும் மலுவாவின் ரொட்டிக் கடையும் அந்தச் சின்ன வயிற்றின் விளிம்பில் தளும்பிக்கொண்டு நின்றன. திறந்துவிடவும் முடியாமல், அடக்கவும் முடியாமல், குந்திய நிலையிலேயே அவள் நடுங்கினாள். திரையைப் பிடித்திருந்த மலுவா துணியை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். அத்தனை சிசாம்பிகளும் நெளிந்தார்கள்.

அப்போது பாட்டைக் கேட்டு எரிச்சலடைந்தோ என்னவோ, மரங்களுக்கிடையிலிருந்து ஒரு பெண் யானை வந்தது. தன் பங்கு மூன்று துணை இயக்குநர்களும் எங்கே என்று தேடியதோ தெரியாது. வளையத்தைப் பார்த்தது. எல்லோரும் பக்கவாட்டில் நிற்பதைக் கண்டு, இங்கே இதுதான் வழக்கம்போல என்று நினைத்து, தானும் பக்கவாட்டில் திரும்பி நின்றது. பேண்டு தானாகவே அடங்கியது. ஊதுகுழல் வாயிலிருந்து நழுவியது.

அந்த அமைதியில் யானை, யாரிடமும் அனுமதி கேட்காமல், காலைச் சற்று அகட்டி, பெய்தது.

அணை திறந்ததுபோல் ஒரு சத்தம். மண்ணில் குழி விழுந்தது, நுரை பொங்கியது, ஒரு துணை இயக்குநரின் பூட்ஸைச் சுற்றி ஓடை போனது. அவர் அசையவில்லை, சல்யூட்டில் இருந்தார். எந்த அப்பனாலும் அப்படி ஊத முடியாது. ஒரு நாள் முழுக்க "உஸ்ஸ்" என்றாலும் அந்தச் சத்தம் வராது.

திரைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் பதில் சொன்னது. இரண்டு பாட்டில்தான். உலேமு எப்போதும் சரியாகத்தான் சொல்லுவாள்.

"வந்துருச்சு," என்றாள். அவளுக்கு ஜட்டியைச் சரிசெய்தபோது லிம்பிக்கானியின் கண் கலங்கியிருந்தது. ஒரு சொட்டு இல்லை. காய்ந்த ஜட்டி.

மலுவா திரையை மடிக்கப் போனாள். "அம்மா," என்று ஒரு கனத்த குரல் அவள் காதருகே தாழ்ந்தது. கறுப்புக் காரின் கதவு திறந்திருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளில் முதல் தடவையாக மண்ணில் நின்ற டாக்டர் சிசாம்பி, முழங்கால்களைச் சேர்த்து வைத்திருந்தார். "அந்தத் துணியைக் கொஞ்சம் அப்படியே பிடிக்கிறீங்களாம்மா? காலையில இருந்து மூணு உரை. மூணு உரைக்கும் மூணு கிளாஸ் தண்ணி. ரிப்பன் வெட்டாம அங்க என்னாலயும் போக முடியாது."

அவர் தன் முகத்துக்குப் பின்னால் போனார். படம் இன்னும் உயரத்தில் இருந்ததால் பேண்டு மறுபடி தொடங்கியது. அவருக்குப் பின்னால் துணை இயக்குநர்கள் பதவி மூப்புப்படி வரிசை கட்டினார்கள். கடைசியாக மிஸஸ் நியோண்டோ ஜீப்பிலிருந்து இறங்கினார். "இது இறங்குதல் ஆகாது," என்று யாரும் கேட்காமலே சொன்னார். "இது ஆய்வு." யானை அவர்களுக்கு இடம் விட்டு இன்னும் கொஞ்சம் ஒதுங்கி நின்றது.

இதைத்தான் லிம்பிக்கானி ஆட்டிறைச்சிக் கடையில் சுருக்கிச் சொன்னான். சுருக்கியும் யாரும் நம்பவில்லை.

திங்கட்கிழமை காலையில் மிஸஸ் சிபேத்தா உலேமுவை மேசைக்கு முன்னால் நிறுத்தினார். "நனைச்சியா?"

"நனைக்கல."

"வாரம் முழுக்க?"

"ம். சனிக்கெழம வந்துருச்சு. மொதல்ல யானை போச்சு. அப்புறம் நான் போனேன். அப்புறம் துணியில இருக்கிற மாமா போனாரு. எல்லாரும் சல்யூட் அடிச்சாங்க."

மிஸஸ் சிபேத்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சிறுநீரை அடக்கக் கத்துக்கிட்டா. நாக்கை அடக்கக் கத்துக்கலை. நனைக்கிற பிள்ளைய ஒரு மாசத்துல திருத்தலாம். புளுகுற பிள்ளைய என்ன பண்றது? அதுவும் டாக்டர் சிசாம்பி மேல. ஞானப்பல்லு முளைக்கட்டும், கூட்டிட்டு வாங்க."

"சத்தியம் மேடம்," என்றாள் மலுவா.

"பெத்தவங்க சத்தியம் இங்க செல்லாது. வாரியத்து ஆள் ஒருத்தர் என் முன்னால வந்து, நடந்ததுன்னு சொல்லட்டும். இந்த நிமிஷமே சேத்துக்கிறேன்."

உலேமு அழவில்லை. வாசல்வரை வந்து, "நான் புளுகல," என்று மட்டும் சொன்னாள். திரும்பி வரும் வழியெல்லாம் அதையே சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பேச்சை ஒருவர் நம்பவில்லை. நனைத்திருந்தாலும் இவ்வளவு வாடியிருக்க மாட்டாள்.

ரொட்டிக் கடை முதலாளி புதன்கிழமை வரை பார்ப்பதாகச் சொன்னார். மலுவா நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள்.

"ஒரு வார்த்தைடா. நீ வாரியத்து ஆளு."

"அக்கா, நான் பாக்கல. பாக்காததை வாரியத்தோட பேர்ல நான் எப்படிச் சொல்ல? எங்க இயக்குநர் புதருக்குப் பின்னால போனாருன்னு சொல்லச் சொல்ற. நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா? அதோட, மன்னிச்சுக்கோ, நம்புற மாதிரியா இருக்கு?"

"உன் மருமக புளுகுவாளா?"

"புளுக மாட்டா. ஆனா எங்க வாரியம் அப்படிப் பண்ணாது."

செவ்வாய்க்கிழமை மசாவுக்கோ காலையில் வேலைக்குப் போனான். இருட்டுவதற்கு முன் வருபவன் வரவில்லை.

புதன்கிழமை பள்ளி மணி அடிக்கும் நேரம். மலுவா கடைசியாக ஒரு முறை கெஞ்சிப் பார்க்கலாம் என்று உலேமுவைக் கூட்டிக்கொண்டு மிஸஸ் சிபேத்தாவின் அறை வாசலில் நின்றாள். லிம்பிக்கானி மினிபஸ்ஸை வாயிலிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தான். பயணிகள் ஜன்னல் வழியாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது வேலியோரமாக ஓர் உருவம் நண்டுபோல் கால்களை அகட்டி அகட்டி வந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தது. மசாவுக்கோ.

"என்னடா ஆச்சு?" என்றான் லிம்பிக்கானி. "லாரி ஏறிடுச்சா?"

மசாவுக்கோ நேராக மிஸஸ் சிபேத்தாவின் மேசைக்குப் போய் நின்றான். நின்றான் என்று சொல்லலாம், முழங்கால் நிமிரவில்லை.

"நீங்க யாரு?"

"வாரியத்து எழுத்தர் மேடம். இந்தப் பிள்ளைக்கு மாமா."

"சொல்லுங்க. யானை, சல்யூட், துணி, அதெல்லாம்..."

"மேடம், இனிமே நாட்டுல எந்தக் காப்பகத்துல எந்தக் குழந்தைக்கு வந்தாலும் சனிக்கிழமை நடந்த மாதிரியே நடக்கணும்னு ஐயா உத்தரவு. நேத்து தலைமையக முற்றத்துல ஒத்திகை. எல்லாரும் பக்கவாட்டுல நின்னாங்க. கணக்குப் பிரிவுத் தலைவர் வாளித் தண்ணியோட மாடியில நின்னாரு, அவர்தான் யானை. குழந்தைக்கு ஆள் வேணும்னாங்க. வயசுல சின்னவன் நான்தான். காலையில துணிக்குள்ள குந்த வச்சாங்க. பலன் தெரிஞ்சாத்தான் ஒத்திகை முடியும்னு மரபு அதிகாரி சொல்லிட்டாரு. பேண்டு நிக்கவே இல்ல. பொழுது சாயற வரைக்கும் எனக்கு வரல மேடம்."

மிஸஸ் சிபேத்தா பேனாவை எடுத்தார். எடுத்தவர் எழுதாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உலேமு மட்டும் மாமாவின் பக்கத்தில் போய், அவன் வளைந்த முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு அந்த வலி தெரியும்.

"அப்புறம் வந்துச்சா மாமா?"

மசாவுக்கோ தலைமை ஆசிரியையைப் பார்த்தான். மச்சானைப் பார்த்தான். பிறகு மருமகளிடம் குனிந்தான்.

"கடைசியில வாளியை ஊத்தினதும் வந்துருச்சு கண்ணு," என்றான். "எல்லாம் நீ சொன்ன மாதிரியேதான் நடந்துச்சு."